ஒரே காரில் இரண்டு ஷிப்ட்

கண்ணு,

மூன்று தடவை போனில் கேட்டுவிட்டாய், "அம்மா, எப்போ வர்றே, டிக்கெட் போட்டுடட்டா?" என்று. மூன்று தடவையும் ரசம் பொங்குது, மோட்டார் ஓடுது என்று ஏதோ சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். இது போனில் சொல்கிற சமாச்சாரம் இல்லை. போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வந்துவிடும், சொல்லவந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி. நித்யாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. ஆவணியில் உனக்குக் கழுத்தை நீட்டப்போகிறவள் அவள், அவளுக்கும் இதில் பங்கு உண்டு. வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. ஒரகடத்தைச் சுற்றி ஷிப்ட் பார்த்துக் குடும்பம் நடத்துகிற எல்லாருக்குமே எழுதுவதாக வைத்துக்கொள்.

தை மாசம் நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "உங்க அப்பாகூட இனிமே என்னால இருக்க முடியாது, நான் உங்கிட்டயே வந்துடறேன்" என்றேன். நீ ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. புனேயில் எடுத்த புது ஃபிளாட்டில் ஒரு அறையை எனக்கென்று ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரை மாட்டி, படம் எடுத்து அனுப்பினாய். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் அழுதேன். அந்த அறைக்கு நான் வரப்போகிறேனா, இல்லை இங்கே வல்லத்து வீட்டிலேயே உன் அப்பாவோடு இருக்கப்போகிறேனா என்பதுதான் இப்போது விஷயம். இதற்கு நடுவில் போன வாரம் நீ ஒன்று சொன்னாய். "நானும் நித்யாவும் பிளான் பண்ணிட்டோம்மா. நான் நைட் ஷிப்ட் எடுத்துக்கறேன், அவ ஆஸ்பத்திரில மார்னிங் டியூட்டி கேட்டிருக்கா. வூட்ல எப்பவும் ஒரு ஆள் இருப்போம், நீயும் அப்பாவும் சமாளிச்ச மாதிரியே." நீ பெருமையாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் பகீரென்றது.

நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்று நித்யாவுக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். உன் அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர். லைனில் வேலை முடிந்து வெளியே வருகிற புதுக் காரைக் கம்பெனிக்குள்ளேயே இருக்கிற டிராக்கில் ஓட்டிப் பார்த்து, பிரேக் பிடிக்கிறதா, எங்கேயாவது சத்தம் வருகிறதா என்று சொல்ல வேண்டும். நான் காருக்கு ஒயர் கட்டு செய்கிற கம்பெனியில் லைனில் நின்றவள். எங்கள் கல்யாணம் நாங்களே பார்த்துச் செய்துகொண்டது. "ஊர் பேர் தெரியாத தெற்கத்திக்காரனைக் கட்டிக்கினு போறே, இனி உன் பாடு" என்று என் வீட்டில் கைகழுவிவிட்டார்கள். அவர் வீடோ ஒரு ராத்திரிப் பயண தூரத்தில். நீ பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் அவர் ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட். எனக்கு எப்போதும் காலை. அவர் ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருக்கு ஓ.டி. கிடைத்துவிடும்.

நாங்கள் இரண்டு பேரும் முழித்த கண்ணோடு சந்தித்துக்கொள்வது பஸ் ஸ்டாப்பில்தான். என் கம்பெனி பஸ் வந்து நிற்கும், நான் இறங்குவேன். அவருடைய பஸ் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வரும். கம்பெனியில் ஷிப்ட் முடிந்து போகிறவர் வருகிறவரிடம் எது முடிந்தது, எது பாக்கி என்று சொல்லிவிட்டுப் போவார், அதற்கு ஹேண்டோவர் என்று பேர். நாங்கள் ரோட்டோரத்தில் அதைத்தான் செய்தோம். "சாப்ட்டான், மூக்கு ஒழுகுது, சிரப் குடுத்தாச்சு, கணக்கு ஹோம்வொர்க் பாக்கி, கேஸ் தீரப்போவுது." அவ்வளவுதான் குடும்பப் பேச்சு. உன் கையை அவர் விடுவார், நான் பிடிப்பேன், அவர் பஸ் ஏறுவார். நான் வீட்டுக்கு வரும்போது பாதி நாள் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று நினைக்காதே. ஒரு நாள்கூட உன்னைப் பூட்டிய வீட்டில் விட்டதில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் செய்வேன்.

வினை வேறு இடத்தில் இருந்தது. நீ படித்து வேலைக்குப் போன பிறகும் நாங்கள் அதே மாதிரி இருந்தோம். டிராக்கில் ராத்திரி கூட்டமில்லை, நிம்மதியாக ஓட்டலாம் என்று உன் அப்பா கடைசி வருஷங்களில் ராத்திரி ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டார். முழங்கால் தகராறு செய்ததும் நான் வேலையை விட்டேன். போன வருஷக் கடைசியில் அவரும் ரிட்டயர் ஆனார். மாலை, பொன்னாடை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் ஆகி வீட்டுக்கு வந்தார். வந்தவர் பகலெல்லாம் தூங்கினார்! உடம்பு அந்த ஷிப்டிலேயே நின்றுவிட்டது. சாயங்காலம் எழுந்து வந்து, "என்ன பாக்கி இருக்கு?" என்பார். நான் சொல்வேன். "சரி" என்று போய் அந்த வேலையை முடித்துவிடுவார், அதில் குறையே சொல்ல முடியாது. அதற்கப்புறம் பேச்சு கிடையாது. டி.வி.க்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி. மாடியில் வாடகைக்கு இருக்கிற பசங்களாவது "அக்கா, இன்னா கொழம்பு, வாசன தூக்குது" என்று கேட்பார்கள். இந்த மனுஷன் அதுகூடக் கேட்கமாட்டார். ஒரு நாள் எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஆளோடு ஒரு குடித்தனக்காரர் மாதிரி காலம் தள்ளுவதைவிட, பிள்ளையோடு போய் இருக்கலாமே என்று உனக்குப் போன் போட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் போய்வந்த துருக்கிப் பயணத்துக்கு அதற்கு முன்பே சொல்லி வைத்தாயிற்று. அதுவும் ஒரு கூத்துதான். வாழ்நாளெல்லாம் கார் ஓட்டிச் சம்பாதித்தவரிடம் சொந்தக் கார் கிடையாது, உனக்குத் தெரியும். ஒரு பழைய பைக், அவ்வளவுதான். ரிட்டயர் ஆகிறவர் எல்லாரும் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்ப, இவர் மட்டும், "நான் ஓட்டுன கார் எல்லாம் டிராக்க சுத்தி சுத்தியே வந்துது. ஒரு கார எடுத்து நேரா ஓட்டிக்கிட்டே போணும் புள்ள, ரோடு முடியுத வரைக்கும்" என்றார். எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியாது, இடத்தை நான்தான் சொன்னேன். பகலில் அவர் தூங்கும்போது சத்தத்தை அணைத்துவிட்டு போனில் வீடியோ பார்ப்பேன். கடலோரத்தில் இடிந்து கிடக்கிற பழைய ஊர்கள் எனக்குப் பிடிக்கும். ஏன் என்று கேட்காதே. தூண் தூணாகக் கிடக்கிறது, வெயில் அடிக்கிறது, பின்னால் நீலமாகக் கடல், யாரும் அந்த ஊரைப் பெருக்கிக் கழுவ வேண்டியதில்லை. நீ என்ன சொன்னாய்? "குரூப் டூர்ல போங்க, அப்பாவுக்கு அந்த ஊர் ரோடு பழக்கமில்ல." உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏலே, எக்ஸ்போர்ட் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம்தாம்ல இருக்கும். ஒங்க அப்பன் ஓட்டாத வண்டியா?" என்றார். நானும் சரி என்றேன். போய் வந்ததும் மூட்டை கட்டுவது என்று மனசுக்குள் முடிவாகிவிட்டதால், கடைசியாக ஒரு தடவை சண்டையில்லாமல் போய்வருவோம் என்றிருந்தேன்.

வாடகைக் காரை வாங்குகிற இடத்திலேயே மானத்தை வாங்கினார். அந்த ஆள் சாவியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? நான்கு கதவையும் திறந்து மூடி, இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, பானெட்டைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, குனிந்து டயரைத் தடவி, பத்தடி ஓட்டி 'டக்'கென்று பிரேக் போட்டார். சாவி கொடுத்தவர் பயந்துபோய் "பிராப்ளம்?" என்றார். உன் அப்பா கட்டை விரலை உயர்த்தி "ஓகே, பாஸ்" என்று வண்டியை அவருக்கே பாஸ் பண்ணிக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஊரை விட்டு வெளியே வருகிற வரை முன்னால் போகிற வண்டிகளின் பின்னாலேயே சமர்த்தாகப் போனார். நானும், பரவாயில்லை, கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு கிராமத்து ரோடு. முன்னாலும் பின்னாலும் ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் ஆலிவ் தோப்பு. திடீரென்று எதிரே தக்காளி ஏற்றிய லாரி ஒன்று நேராக எங்கள் மேலேயே வருகிறது! ஹாரன் அடிக்கிறான், லைட்டைப் போடுகிறான். உன் அப்பா, "என்ன இவன் ராங் சைடுல வாரான்!" என்று அவனைத் திட்டுகிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரில் வலது பக்கமாகத்தான் போக வேண்டும், ராங் சைடில் போவது நாங்கள். "யோவ்! ரைட்டுய்யா! ரைட்டு போய்யா!" என்று கத்தினேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நான் "யோவ்" என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டியரிங்கை வெட்டி மண்ணில் கொண்டுபோய் நிறுத்தினார். லாரிக்காரர் இறங்கி வந்து அவர் பாஷையில் வாய்க்கு வந்தபடி திட்டினார், உன் அப்பா தமிழில் "தப்புதான் அண்ணாச்சி, தப்புதான்" என்று கும்பிட்டார், இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிந்தது. அப்புறம் லாரிக்காரர் தன் வலது தோளைப் படபடவென்று தட்டிக் காட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார். எங்கே தப்பு நடந்தது தெரியுமா? கம்பெனியில் இடது பக்க ஸ்டியரிங் வண்டிகளைத் தினமும் ஓட்டினார், வாஸ்தவம். ஆனால் கம்பெனிக்குள் ரோடு நம்ம ஊர் ரோடு. அந்த வண்டியிலும் இடது பக்கமாகவேதான் ஓட்டியிருக்கிறார். வேறு யாராவது போயிருந்தால் புது ஸ்டியரிங், புது ரோடு என்று பயந்து பயந்து ஓட்டியிருப்பார்கள். இவருக்கு அந்த சீட் பழகிய சீட், அதனால் பயமே இல்லை. உட்கார்ந்ததும் உடம்பு தானாக இடது பக்கம் போய்விட்டது.

அதிலிருந்து நான் பக்கத்து சீட்டில் சும்மா உட்காரவில்லை. எங்கள் லைனில் ஒவ்வொரு ஒயரையும் சொருகிவிட்டு, விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டு "ஓகே" சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் விடமாட்டார். அதே மாதிரி ஒவ்வொரு திருப்பத்திலும் விரலை நீட்டி "ரைட்டு" என்பேன். அவரும் விரலை நீட்டி "ரைட்டு" என்பார். நாளெல்லாம் காருக்குள் இதே பாட்டுதான். பேச்சு என்று பார்த்தால் பேச்சு இல்லை, ஆனாலும் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்ததற்கு இது தேவலை. நடுவில் ஒரு நாள் "வண்டில ஒரு சத்தம் வருது" என்று ஆரம்பித்தார். ஓரமாக நிறுத்துவார், இறங்குவார், அடியில் படுத்துப் பார்ப்பார், ஏறுவார். மறுபடி சத்தம். கடைசியில் பார்த்தால் நான் முன்னால் டாஷ்போர்டு டப்பாவில் வைத்திருந்த இட்லிப் பொடிச் சம்படம்! "ஏட்டி, இத்தன நேரம் நான் மண்ணுல பொரளுதேன், நீ பாத்துக்கிட்டா இருந்த?" என்றார். "நீதான் பெரிய டெஸ்ட் டிரைவராச்சே, கண்டுபிடிய்யா" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்து, இவருக்குக் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்பதைக் கண்டேன். இத்தனை வருஷமாக அந்தக் குழி அங்கேதான் இருந்திருக்கும்.

இதெல்லாம் கேட்டு உடனே மனசு மாறிவிட்டேன் என்று நினைக்காதே, நான் அவ்வளவு சுலபம் இல்லை. எபேசஸ் என்று ஒரு பெரிய பழைய ஊர். பளிங்கு ரோடு, நூலகம், கச்சேரி மேடை எல்லாம் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற வீதி என்று ஒன்றைக் காட்டினார்கள். அகலமான வீதி, இரண்டு பக்கமும் தூண். அதன் முனையில் போய்ப் பார்த்தால் கடலே இல்லை, புல்வெளி! "கடல் எங்க?" என்று அங்கே நின்ற ஒரு அம்மாவிடம் சைகையில் கேட்டேன். கையை வீசித் தூரத்தைக் காட்டினார். அங்கே வைத்திருந்த பலகைப்படி, ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் தள்ளிப் போய்விட்டதாம், அப்புறம் சனங்களும் ஊரைக் காலி செய்துவிட்டார்களாம். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. எதற்காக ஊர் வைத்தார்களோ அதுவே போய்விட்டால், கிளம்பாமல் என்ன செய்வது? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்தியது உன்னை வளர்க்கிற வேலை. நீ வளர்ந்து போய்விட்டாய். இனி ஒரே வீட்டில் இருந்து யாருக்கு ஹேண்டோவர் கொடுப்பது? மூட்டை கட்டுவதுதான் சரி என்று அன்றைக்கு இன்னும் உறுதியானேன்.

அங்கிருந்து தெற்கே கடலை ஒட்டியே ரோடு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் செங்குத்தாகக் கீழே கடல். பகலெல்லாம் கண்ணை இமைக்காமல் ஓட்டினதில் உன் அப்பாவுக்கு ராத்திரி ஆனால் தூக்கம் தானாக வந்தது. பட்டாரா என்ற ஊரில் ஒரு நாள் காலை நான் கண் விழித்தால் அவரும் அதே நேரம் கண் விழிக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திருதிருவென்று முழித்தோம். யார் முதலில் எழுந்து டீக்கு வழி செய்வது என்றே தெரியவில்லை. வீட்டில் எப்போதும் யார் முழித்திருக்கிறார்களோ அவர்தானே போடுவார். உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அன்றைக்கு ஏதோ புதுப் பெண்ணாக மாப்பிள்ளை வீட்டில் நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

அப்புறம் பசேலிஸ். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த இடம். பைன் மரக்காட்டுக்கு நடுவில் இடிந்த ஊர். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கல் பாவின வீதி, இரண்டு பக்கமும் கடை இருந்த சுவர்கள். அங்கே கடல் எங்கேயும் போய்விடவில்லை. பழைய துறைமுகத்தில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். வீதியோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். உன் அப்பா ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். அதற்குமேல் மறைத்துவைக்க எனக்கு மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். "நான் புள்ளகிட்ட போறேங்க. போய்ட்டு வர்றதுக்கு இல்ல, அங்கயே இருக்கறதுக்கு. அவங்கிட்ட சொல்லியாச்சு, ரூம் ரெடி பண்ணிட்டான்." கையில் இருந்த சுளை கையிலேயே நின்றது. கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி, ஹேண்டோவர் குடுத்துட்டுப் போ" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு 'ஏன்' கிடையாதா? 'போகாதே' கிடையாதா? நான் என்ன ஷிப்ட் முடிந்தா போகிறேன்? "வேணும்னா எழுதிக்கோ" என்று ஆரம்பித்தேன். சிலிண்டர் புக் பண்ண எந்த நம்பர், மோட்டார் சுவிட்சை எவ்வளவு நேரத்துக்கு மேல் விடக்கூடாது, அவருடைய பிரஷர் மாத்திரை எந்த டப்பா, மாடிப் பசங்களில் யார் தண்ணியைத் திறந்துவிட்டு மறந்துபோவான், எல்லாம். புது ஆள் மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முடித்தேன். "அப்புறம்?" என்றார். "அவ்ளோதான்." "அவ்ளோதானா?" "வேற இன்னா வேணும் உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "நான் தூங்கயில நீ என்ன செய்வ? அத ஒரு நாளும் நீ சொன்னதில்ல. இத்தன வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம், நான் தூங்கிட்டா நீ எப்படி இருப்பன்னு எனக்குத் தெரியாது. நீ போய்ட்டா யாருட்டப் போய்க் கேப்பேன்? அதையும் சொல்லிட்டுப் போ புள்ள."

ஒன்றும் செய்யமாட்டேன், வேலை செய்வேன் என்றேன். விடவில்லை. என்ன வேலை, எப்படி என்றார். அப்புறம் அவரிடம் சொன்னேன். நீங்கள் பகலில் தூங்கும் நாளெல்லாம் நான் குக்கர் வைக்கமாட்டேன், விசில் உங்களை எழுப்பிவிடும், அதனால் பானையில்தான் சோறு வடிப்பேன். கோலமாவுக்காரர் தெரு முனையில் வரும்போதே ஓடிப்போய், கத்தாதீங்க, வூட்டுல நைட் ஷிப்ட் ஆள் தூங்குறாரு என்று சொல்லிவிட்டு வருவேன். துணி துவைக்கிற கல்லுக்குப் போகமாட்டேன், பக்கெட்டில் கும்மித்தான் பிழிவேன். உன் அப்பா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நான், ஒனக்கு வடிச்ச சோறுதான் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார். "எனக்கா? குக்கர் சோறு எவ்ளோ சுலபம்!" என்றேன். பிறகு அவர் சொன்னார். மதியம் ஷிப்ட் வாரத்தில் ராத்திரி பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பும்போது, அங்கே விட்டுப்போன பைக்கைத் தெரு முனையிலேயே அணைத்துவிட்டு வீடு வரை தள்ளிக்கொண்டுதான் வருவாராம், மழையானாலும். "நீ காலையில எந்திரிக்கணும்லா." சாப்பாட்டுத் தட்டைக் கழுவினால் சத்தம் வருமென்று வாழையிலையோ பேப்பரோ விரித்துச் சாப்பிடுவாராம். விளக்குப் போடாமல் கையால் தடவிக்கொண்டே வந்து படுப்பாராம். காலையில் கிடக்கிற எச்சில் பேப்பரைப் பார்த்து, ஒரு தட்டைக் கழுவ வலிக்கிறது இந்த மனுஷனுக்கு என்று நான் எத்தனை நாள் முணுமுணுத்திருப்பேன்! அங்கேயே, வெள்ளைக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்வருகிற அந்த வீதியில், கல்லில் உட்கார்ந்து நான் விம்மி விம்மி அழுதேன். உன் அப்பாவும் அழுதார். நேரமாகிவிட்டது என்று காவலாளி விசில் ஊதிக்கொண்டு வருகிற வரை பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் கொஞ்சம்தான் பேசி முடித்திருந்தோம்.

யோசித்துப் பார்த்தால் இதையெல்லாம் பார்த்த ஒரே ஆள் நீதான். நாங்கள் ஆளுக்கு ஒரு ஷிப்ட், நீ இரண்டு ஷிப்டிலும் இருந்தாய். நான் கோலமாவுக்காரரைத் துரத்தியதும் உனக்குத் தெரியும், அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்ததும் உனக்குத் தெரியும், நீ அந்த நேரத்தில் முழித்துக்கொண்டு பாத்ரூம் போகிற பிள்ளை. ஒரு நாளாவது சொன்னாயாடா, திருட்டுப் பயலே! உன்மேல் கோபமில்லை. பிள்ளைக்கு அதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று தோன்றியிருக்கும். ஆனால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் காட்டுகிற பிரியம் பொய்யில்லை, ஆனால் அது போய்ச் சேராது. வாங்கிக்கொள்கிறவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு வேறு வழி இல்லை, செய்தோம். உங்களுக்கு என்ன தலையெழுத்து? நைட் ஷிப்ட் அலவன்ஸை நம்பிக் குடும்பம் ஆரம்பிக்காதே. மேனேஜரிடம் போய் வாயைத் திறந்து கேள், நித்யாவுக்கு எந்த ஷிப்டோ எனக்கும் அதே வேண்டும் என்று. கிடைக்காவிட்டால் மறுபடி கேள். குழந்தை பிறந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், எங்களைக் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம். நித்யா, உனக்கும் சொல்கிறேன் கண்ணு, இவன் வீட்டுக்கு வந்து "என்ன பாக்கி?" என்று மட்டும் கேட்டால் பதில் சொல்லாதே. பாக்கி ஒன்றுமில்லை, உட்காரு என்று சொல்.

ஊருக்குத் திரும்பியதும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று கதை விடமாட்டேன். நேற்றுகூடச் சண்டை. காலை டிபனுக்கு ஆரம்பித்தது, உன் அப்பா மத்தியானம் வரை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் விடவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகச் சண்டை போட்டதே கிடையாது, அதற்கு எங்களுக்கு எங்கே நேரம் இருந்தது? சாயங்காலம் மணிமங்கலம் ஏரிக்கரை வரை பைக்கில் போனோம். என்னுடைய சின்ன வயசைப் பற்றிக் கேட்டார். பதினைந்து வயசு வரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். அவருடைய கதையில் அவர் இன்னும் கோவில்பட்டியில் பஸ்ஸே ஏறவில்லை.

அதனால் டிக்கெட் போட வேண்டாம் கண்ணு. நான் வரவில்லை. நீ ஆசையாக ஒதுக்கி வைத்த அறை, உனக்கு மனசு வலிக்கும், தெரியும். அம்மாவுக்கு உன்மேல் ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவும் நானும் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறோம், பாதியில் எழுந்து வர எனக்கு மனசில்லை.

உன் அம்மா